பானைக்குப் பக்கத்துக் கட்டம்

வாக்குப்பதிவு இயந்திரத்தில் ஒரு வேட்பாளருக்குக் கிடைப்பது ஒரே ஒரு வரிசைதான். எண், பெயர், படம், சின்னம் என்று நான்கு கட்டங்கள். ஓரத்தில் ஒரு நீலப் பொத்தான். ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கி, சுவரெழுத்து, துண்டறிக்கை, கொடித்தோரணம், ஃபிளெக்ஸ், கட்-அவுட் என்று வாரக்கணக்கில் ஊரை நிறைக்கும் தேர்தல் காட்சிகள் எல்லாம் கடைசியில் நம்மைக் கொண்டுவந்து நிறுத்துவது இந்த வரிசையின் முன்னால்.

விளம்பரத் துறையில் இதற்கு ‘பிராண்டிங்’ என்று பெயர். நூறு சோப்புகளுக்கு நடுவில் ஒரு சோப்பை மட்டும் கை தானாகத் தேடி எடுக்கும்படி பழக்குகிற வித்தை. கட்சிகளுக்கு இந்த வித்தை புதிதல்ல. கொடியின் நிறத்தையும் தலைவரின் கண்ணாடியையும் தொப்பியையும் துண்டையும் வைத்து நம் ஊர்க் கட்சிகள் அதைச் செய்து காட்டிவிட்டன. இந்தக் காட்சிமொழியைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. எம்.ஜி.ஆரின் பிம்பம் ஏழைகளை எப்படிப் பிடித்து வைத்தது என்று எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் ஒரு நூலே எழுதினார். தமிழ் மொழி தாயாகவும் தெய்வமாகவும் கன்னியாகவும் உருவகிக்கப்பட்ட வரலாற்றைச் சுமதி ராமசாமி 1997இல் வெளிவந்த தன் ஆய்வில் விரித்துக் காட்டினார். அவர்களிடம் கற்றுக்கொண்டு நான் கேட்க விரும்பும் கேள்வி மிகச் சிறியது. இந்த நான்கு கட்டங்களில் எந்தக் கட்டத்தில் பெண் இருக்கிறாள்?

சிதம்பரம், கடலூர் என்ற இரண்டு தொகுதிகளின் எல்லைக்குள் நின்றே இதற்குப் பதில் தேட முடியும். அதற்குத் தேவையான எல்லாம் இங்கேயே நடந்திருக்கிறது.

சின்னம்

சின்னங்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகப் பிறந்தவை. 1951–52இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, பெட்டியின்மேல் சின்னத்தை ஒட்டினார்கள். 1951 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிந்த பெண்கள் நூற்றுக்கு ஒன்பது பேர். ஆகவே இந்தப் படமொழி ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் தேவைப்பட்டது. ஆனால் அதே தேர்தலில், பெரும்பாலும் வட மாநிலங்களில், ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். காரணம், அவர்கள் தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிவாகியிருந்தார்கள். படம் பார்த்து வாக்களிக்க வழி செய்து கொடுத்த குடியரசு, பெயர் இல்லை என்று அந்தப் பெண்களை வெளியே நிறுத்தியது. சின்னக் கட்டத்துக்கும் பெயர்க் கட்டத்துக்கும் நடுவில் உள்ள தூரம் அன்றே தெரிந்துவிட்டது.

சின்னங்களைப் பென்சிலால் வரைந்தவர் எம்.எஸ். சேத்தி என்ற ஓவியர். தேர்தல் ஆணையத்தில் வேலை பார்த்து 1992இல் ஓய்வு பெற்றார். சாதாரண மனிதர் அன்றாடம் பார்க்கும் பொருள்கள் எவை என்று அலுவலர்கள் கூடி உட்கார்ந்து யோசிப்பார்களாம், அவர் வரைவாராம். அன்றாடம் என்று யோசித்தவுடனே அவர்கள் மனம் வீட்டுக்குள் போயிருக்கிறது. ஆணையத்தின் சுயேச்சைச் சின்னங்களின் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பிரஷர் குக்கர், கேஸ் சிலிண்டர், கேஸ் அடுப்பு, வாணலி, கிரைண்டர், மிக்ஸி, வாளி, தையல் மெஷின், இஸ்திரிப் பெட்டி, வளையல். அரசியலில் இறங்கும் ஆண் தன்னை அடையாளம் காட்டிக்கொள்ளத் தேடி எடுப்பது, வீட்டில் அவன் கை அதிகம் படாத பொருள்களை.

2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலுக்குத் தொப்பியோடு வந்தவர் டி.டி.வி. தினகரன். அந்தத் தேர்தல் ரத்தாகி டிசம்பரில் மீண்டும் நடந்தபோது அவருக்குக் கிடைத்தது குக்கர். அதில் வென்றார். தொப்பி ஆணின் தலையில் இருப்பது. குக்கர் பெண்ணின் அடுப்பில் இருப்பது. குக்கர் சின்னம் வீடு வீடாகச் சென்று யாரிடம் பேசியது என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விசில் வரும் வரை காத்திருந்து அடுப்பை அணைக்கும் உழைப்பு அந்தப் படத்தில் எங்கும் இல்லை. சின்னத்தில் பொருள் இருக்கும், கை இருக்காது. ஆணையத்தின் கறுப்பு வெள்ளைக் கோட்டுப் படத்துக்கு அதுதான் இலக்கணம்.

கை இருக்கும் சின்னத்திலும் கதை பெரிதாக மாறுவதில்லை. நாம் தமிழர் கட்சி வைத்திருந்த கரும்பு விவசாயி ஓர் ஆண். 2025இல் அக்கட்சிக்குக் கிடைத்த, ஏர்க் கலப்பையுடன் உள்ள விவசாயியும் ஆண்தான். நெல்லிக்குப்பத்தில் கரும்பாலை இருக்கிற மாவட்டம் இது. கரணை நடுவதும் களை எடுப்பதும் சோகை உரிப்பதும் யார் என்று இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெண் செய்யும் வேலை ‘விவசாயி’ என்ற சொல்லுக்குள் நுழையவில்லை, படத்துக்குள்ளும் நுழையவில்லை. இத்தனைக்கும் இக்கட்சி 2021 சட்டமன்றத் தேர்தலில் 117 பெண்களை, அதாவது சரிபாதி இடங்களில், நிறுத்திய கட்சி. வேறு எந்தக் கட்சியும் இங்கே அதைச் செய்யவில்லை. அந்தப் பெண்களின் சுவரொட்டிகளில் பெரிய முகம் மட்டும் தலைவருடையதாகவே இருந்தது.

பானை

சின்னம் ஒரு கட்சியின் தோளில் எப்படி ஏறுகிறது என்பதற்குத் தொல். திருமாவளவனின் தேர்தல் பயணத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தமிழ்நாட்டில் இல்லை. 1999இல் சிதம்பரத்தில் த.மா.கா.வின் சைக்கிள். 2001இல் மங்களூரில் தி.மு.க.வின் உதயசூரியன். 2004இல் ஐக்கிய ஜனதா தளத்தின் அம்பு. 2009இல் நட்சத்திரம். 2014இல் மோதிரம். 2019இல் பானை. இருபது ஆண்டுகள் இரவல் சின்னத்திலும் தற்காலிகச் சின்னத்திலும் நின்ற ஒரு தலித் கட்சி பானையில் வந்து நிலைகொண்டது. 2024இல் அந்தப் பானையும் முதலில் மறுக்கப்பட்டது, போராடியபின் கிடைத்தது. சிதம்பரத்தில் அவரும் விழுப்புரத்தில் ரவிக்குமாரும் அதில் வென்றார்கள். 2025 ஜனவரியில் விடுதலைச் சிறுத்தைகள் அங்கீகரிக்கப்பட்ட மாநிலக் கட்சியாகி, பானை அதற்கே ஒதுக்கப்பட்டது. சொந்த வீடு கட்டிக் குடிபோவதைப் போன்ற செய்தி இது. வாடகைக்கு வீடு மறுக்கப்பட்டவர்களுக்கு அதன் பொருள் இன்னும் ஆழமாகப் புரியும்.

பானையை ‘சமையலறைப் பொருள்’ என்று மட்டும் ஒரு பெண்ணியவாதி வாசித்தால், அவர் ஊர்த்தெருவில் நின்றுகொண்டு வாசிக்கிறார் என்று பொருள். பானைக்கு வேறு வரலாறு இருக்கிறது. பேஷ்வாக்கள் ஆட்சியில் பூனாவில் தீண்டப்படாதவர் எச்சில் தரையில் விழாதபடி கழுத்தில் மண்கலத்தைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததை 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் அம்பேத்கர் பதிவு செய்தார். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன் மகாத்தில் அவர் நடத்திய போராட்டம் பொதுக்குளத்துத் தண்ணீருக்கானது. எந்தக் கலத்தில் யார் நீர் மொள்ளலாம், யார் கலத்தை யார் தொடலாம் என்பதுதான் இந்நாட்டில் சாதியின் அரிச்சுவடி. நந்தன் வாசலில் நிறுத்தப்பட்ட கதை வழங்கும் சிதம்பரத்தில், தொட்டால் தீட்டு என்று உடைக்கப்பட்ட கலம் வாக்குச் சின்னமாக எழுந்து நிற்பது சாதாரணச் செய்தி இல்லை.

அதே பானையைத் தலித் பெருமிதத்தின் குறி என்று மட்டும் வாசித்து நிறுத்தினாலும் பாதி வாசிப்புதான். அந்தக் கலத்தைத் தூக்கிக்கொண்டு பொதுக்கிணற்றுக்குப் போனது யார்? தூர நின்று, யாராவது ஊற்றுவார்களா என்று காத்திருந்தது யார்? வசவு வாங்கியது யார்? தண்ணீரின் சாதி முதலில் மோதியது தலித் பெண்ணின் உடலோடுதான். பானையில் அரிசி இல்லாத நாளில் அதைச் சுரண்டிப் பார்த்ததும் அவள். சேரியின் வரலாற்றில் பானைக்கும் அவளுக்கும் நடுவே வேறு ஆள் இல்லை.

இங்கே இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கலாம். காட்டுமன்னார்கோயில் பக்கத்து வீராணம் ஏரியிலிருந்து 2004 முதல் குழாய் வழியாகச் சென்னைக்குத் தண்ணீர் போகிறது. கடலூர் சிப்காட்டைச் சுற்றிய ஊர்களில் நிலத்தடி நீர் கெட்டுப்போனது என்பது பல்லாண்டுப் புகார். தண்ணீர் கேட்டுச் சாலையில் உட்கார்வது பெண்கள். அவர்கள் முன் வரிசையாக வைக்கப்படுவது பச்சையும் நீலமும் ஆரஞ்சுமான காலிக் குடங்கள். யாரும் வடிவமைத்துத் தராத, எந்த ஆணையமும் ஒதுக்கித் தராத காட்சி அடையாளம் அது. காலிக் குடத்துக்கு விளக்கம் எழுதிய பதாகை தேவையில்லை. பானைச் சின்னம் வேகமாக மனத்தில் ஒட்டியதற்கு இந்தப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் ஏற்றி வைத்த பொருளும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

2019 ஏப்ரல் 18, வாக்குப்பதிவு நாள். சிதம்பரம் தொகுதிக்கு உட்பட்ட, அரியலூர் மாவட்டம் செந்துறை வட்டத்துப் பொன்பரப்பி. தெருவில் பானையைப் போட்டு உடைத்ததில் தகராறு தொடங்கியதாகச் செய்திகள் வந்தன. அது தலித் குடியிருப்பின் மீதான தாக்குதலாக முடிந்தது. வீடுகள் அடித்து நொறுக்கப்பட்டன, ஓடுகள் உடைந்தன, பலர் காயமடைந்தார்கள்.

அந்தப் பானை உடைப்பைக் கவனமாக வாசிக்க வேண்டும். எதிர்க்கட்சியின் சின்னத்தைக் கேலி செய்வது தேர்தலில் வழக்கம்தான். இலையைக் கிழிப்பார்கள், மாம்பழத்தை நசுக்குவார்கள். பானை உடைப்பது அப்படிப்பட்ட கேலி மட்டும் இல்லை. தமிழ் மரபில் பானையை உடைக்கும் இடம் சுடுகாடு. கொள்ளிக்குடத்தில் ஓட்டை போட்டு, தோளில் சுமந்து சுற்றிவந்து, பின்னால் போட்டு உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவார்கள். உயிரோடு இருக்கும் ஒரு கூட்டத்தின் முன் பானையை உடைப்பது அவர்களுக்குச் சாவுச் சடங்கு செய்வது. உடைத்தவர்களுக்கும் பார்த்தவர்களுக்கும் அது தெரியும். சின்னத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் பொருளை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. அதோடு ஒட்டிய சடங்கும் தீட்டும் பகையும் சேர்ந்தே வரும். சோப்பு விற்பவர்களின் பிராண்டிங் பாடத்தில் இந்தப் பக்கம் கிடையாது.

சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை. பொன்பரப்பியில் சடங்கு அவர்கள் வாசலுக்கே வந்தது. நொறுங்கிய வீட்டுக்குள் சிதறிக் கிடந்த தட்டு முட்டுச் சாமான்களைப் பொறுக்கி எடுத்து மறுபடி அடுப்பு மூட்ட வேண்டியவர்கள் அவர்கள்தான். புறநானூற்றின் 256ஆம் பாட்டில் ஒரு பெண் குயவனிடம் பேசுகிறாள். இறந்த கணவனுக்காகச் செய்யும் தாழியைத் தனக்கும் சேர்த்துப் பெரிதாகச் செய்யச் சொல்கிறாள். இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கலத்தின் கதையில் பெண் கேட்பவளாகவும் சுமப்பவளாகவும் இருக்கிறாள். அந்தப் பாட்டைப் பாடியவர் பெயர்கூடத் தெரியவில்லை.

2019 மே 23 அன்று 3,219 வாக்கு வித்தியாசத்தில் பானை வென்றது. அந்த 3,219க்குள் பொன்பரப்பிப் பெண்களின் விரல்களும் இருக்கின்றன. 2024இல் வித்தியாசம் ஒரு லட்சத்தைத் தாண்டியது. நடுவே 2021 சட்டமன்றத் தேர்தலில் விடுதலைச் சிறுத்தைகள் பானையில் ஆறு இடங்களில் நின்று நான்கில் வென்றார்கள். காட்டுமன்னார்கோயில், நாகப்பட்டினம், திருப்போரூர், செய்யூர், வானூர், அரக்கோணம். ஆறு பானைகள். பக்கத்துக் கட்டத்தில் ஆறு ஆண்கள்.

இதைச் சொல்லும்போது ஒன்றையும் மறைக்கக் கூடாது. மனுநூல் பெண்களை இழிவுபடுத்துகிறது என்று பேசியதற்காக 2020இல் வழக்கை எதிர்கொண்டவர் திருமாவளவன். 2024 அக்டோபர் 2 அன்று உளுந்தூர்பேட்டையில் மது ஒழிப்பு மகளிர் மாநாட்டைக் கூட்டியது அவருடைய கட்சி. பெண்களின் துயரத்தை மேடையில் பேசத் தயங்காத இயக்கம் அது. அதனால்தான் அதனிடம் கேட்கிறேன். ஆறு இடம் மட்டுமே பெறும் கட்சி ஆறையும் வெல்லக்கூடியவர்களுக்கே தர வேண்டியிருக்கிறது என்ற பதில் எனக்குத் தெரியும். வெல்லக்கூடியவர் என்றதும் ஆண் முகமே நினைவுக்கு வருவது பெரிய கட்சிகளிடமிருந்து தொற்றிய நோய். பானையை உடைத்தபோது அடி தாங்கியவளுக்குப் பானைக்குப் பக்கத்தில் தன் படத்தைப் பார்க்கும் உரிமை இருக்கிறது. இது சலுகைக் கோரிக்கை இல்லை, கணக்குத் தீர்த்தல்.

படம்

2015 முதல் வாக்கு இயந்திரத்தில் வேட்பாளரின் படமும் இடம்பெறுகிறது. தமிழக அரசியலில் பெண்ணின் படம் பெரிதாக இடம்பெற்ற வரலாறு ஜெயலலிதாவுடையது. எம்.ஜி.ஆர். மறைவுக்குப்பின் இரட்டை இலை முடக்கப்பட்டு, 1989 தேர்தலில் ஜானகி அணிக்கு இரட்டைப் புறாவும் ஜெயலலிதா அணிக்குச் சேவலும் கிடைத்தன. மனைவி என்ற தகுதியோடு வந்தவருக்கு ஜோடிப் புறா; தனியாக நின்றவருக்குச் சேவல். யாரும் திட்டமிடாத இந்தப் பொருத்தத்தை எந்த நாவலாசிரியரும் எழுதத் தயங்கியிருப்பார். சேவல் 27 இடங்களில் வென்றது. பெண்ணாக இருந்துகொண்டு ஆணின் கொண்டையைச் சூடிக்கொள்வது தமிழ்நாட்டில் ஒரு தலைவிக்கு எத்தனை தேவையாக இருந்தது என்பதைச் சின்னமே சொல்லிவிட்டது.

பின்னாளில் அவர் கண்டுபிடித்த பிராண்ட் அதற்கு நேர் எதிரானது: அம்மா. 2011இல் தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியில் அவர் படம் ஒட்டியிருந்தது. 2013இல் அம்மா உணவகமும் அம்மா குடிநீரும், அடுத்து அம்மா உப்பு, அம்மா சிமெண்ட். ‘இலவசம்’ என்ற சொல்லை நீக்கி ‘விலையில்லா’ என்று வைத்தது நுட்பமான மொழி அரசியல். வாங்குபவரைப் பிச்சைக்காரராக்காத சொல் அது. மிக்ஸியும் கிரைண்டரும் அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் கழிந்த மணிநேரங்களைப் பெண்களுக்குத் திருப்பித் தந்தன. இதைக் கேலி செய்யும் நடுத்தர வர்க்க ஆண்களோடு சேர்ந்து சிரிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அம்மா உணவகத்தில் விடியுமுன் எழுந்து இட்லி ஊற்றியவர்கள் சுய உதவிக் குழுப் பெண்கள். ஒரு ரூபாய் இட்லிக்குப் பின்னால் இருந்த அத்தனை அம்மாக்களின் உழைப்பும் ஒரே அம்மாவின் படத்துக்குள் போய்ச் சேர்ந்தது. சமையல் பெண்ணின் கடமை என்ற பழைய பாடமும் அந்தப் பெயரால் இன்னும் உறுதியானது.

2015 நவம்பர் 9 அன்று கொட்டிய மழையில் பண்ருட்டிப் பக்கத்துப் பெரியகாட்டுப்பாளையமும் விசூரும் வெள்ளத்தில் உயிர்களை இழந்தன. அடுத்த மாதம் சென்னையும் மூழ்கியது. மாநிலமெங்கும் தன்னார்வலர்கள் கொண்டுவந்த நிவாரணப் பொருள்கள்மீதுகூட முதல்வரின் படம் ஒட்டப்படுவதாகப் புகார் எழுந்து, ‘ஸ்டிக்கர்’ என்ற சொல் தமிழகத்தின் கேலிச்சொல் ஆனது. அந்தக் கேலி முழுக்க ஒரு பெண்ணின் முகத்தைக் குறிவைத்தே நடந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். கலர் டிவி தந்தவர்கள், பேருந்து நிலையத்துக்கும் நூலகத்துக்கும் தங்கள் தலைவர் பெயரைச் சூட்டியவர்கள் யாரும் இப்படி ஒரு பட்டப்பெயரைச் சம்பாதிக்கவில்லை. ஒரு பெண் ஆணைப் போலவே தன் முகத்தை எங்கும் பதித்தபோதுதான் அது ஊருக்கு ஆபாசமாகத் தெரிந்தது. அவரை விமர்சிக்க வேண்டிய இடம் வேறு: எல்லா இடத்திலும் அவர் முகம் இருந்த காலத்தில், அதன் பக்கத்தில் இன்னொரு பெண்ணின் முகம் வளர இடம் இருந்ததா?

அண்மைக்கால உதாரணம் கடலூருக்கு இன்னும் நெருக்கமானது. 2024 அக்டோபர் 27 அன்று விக்கிரவாண்டி வி. சாலையில் தமிழக வெற்றிக் கழகத்தின் முதல் மாநாடு. பெரியார், காமராஜர், அம்பேத்கர் ஆகியோரோடு வேலு நாச்சியாருக்கும் கடலூர் அஞ்சலை அம்மாளுக்கும் கட்-அவுட் வைக்கப்பட்டது. ஒரு புதிய கட்சி தன் வழிகாட்டிகளாக ஐவரைச் சொல்லி, அதில் இருவரைப் பெண்களாக வைத்தது நல்ல தொடக்கம். பலர் அஞ்சலை அம்மாள் யாரென்று அன்றுதான் தேடிப் பார்த்தார்கள்.

கட்-அவுட் எதைக் காட்டும்? கம்பீரமாக நிற்கும் ஓர் உருவத்தை. முதுநகரில் 1890இல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அஞ்சலை அம்மாளின் அரசியல் அப்படிக் கையும் காலும் விரித்து நிற்கும் அரசியல் இல்லை. 1927இல் சென்னையில் நீல் சிலையை அகற்றும் போராட்டத்துக்குச் சிறுமியான மகள் அம்மாக்கண்ணுவோடு போய்ச் சிறைப்பட்டவர். கருவுற்ற நிலையில் வேலூர்ச் சிறையில் இருந்தவர். மகனுக்கு ஜெயில் வீரன் என்று பெயர் வைத்தவர். 1934இல் காந்தி கடலூர் வந்தபோது, சந்திக்கத் தடை இருந்ததால் புர்கா அணிந்து குதிரை வண்டியில் போய்ப் பார்த்ததாகச் சொல்வார்கள். பிள்ளையும் வயிறும் வீடும் அரசியலுக்குத் தடை என்று உலகம் சொன்ன காலத்தில், அவற்றையும் உடன் அழைத்துக்கொண்டு போராட்டத்துக்குப் போன பெண். அந்தப் பிள்ளையையும் அந்த வயிற்றையும் கட்-அவுட் வெட்டி எடுத்துவிடுகிறது. கட்-அவுட் என்ற சொல்லுக்கே அதுதான் பொருள். பெண் தலைவரை ஏற்றுக்கொள்ள நம் மேடைகள் விதிக்கும் நிபந்தனையும் அதுவே: ஒன்று தாயாக இரு, அல்லது போர்க்களத்து வீராங்கனையாக இரு. சிறையில் பிள்ளைக்குச் சோறு கேட்டுச் சண்டை போடும் பெண்ணுக்கு நாற்பது அடி உயரம் கிடைக்காது.

பெயர்

அஞ்சலை அம்மாளை காந்தி ‘தென்னாட்டின் ஜான்சி ராணி’ என்று அழைத்தார் என்று எல்லா மேடையிலும் சொல்வார்கள். பாராட்டுதான். ஆனாலும் ஒருத்தியைப் பாராட்ட இன்னொருத்தியின் பெயர் தேவைப்பட்டது. அவருடைய மகள் அம்மாக்கண்ணுவுக்கு லீலாவதி என்று பெயர் மாற்றியவரும் காந்தி. கடலூர் முதுநகர்ச் சிறுமியின் மண்வாசனை கொண்ட பெயர் ஆசிரமத்துக்குப் போனதும் மாறிவிட்டது.

இன்று நம் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டத்தின் முழுப்பெயர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. வங்கிக் கணக்கில் பணம் விழுந்ததும் மாணவிகள் சொல்வது ‘புதுமைப் பெண்’ வந்துவிட்டது என்று. சுவரொட்டிக்கு அந்தச் சுருக்கமான பெயர் வசதி. தேவதாசி முறைக்கு எதிராகப் போராடி, 1936இல் ‘தாசிகள் மோசவலை’ நாவலை எழுதிய பெண்மணியின் பெயர் விண்ணப்பப் படிவத்தில் தங்கிவிட்டது. அடுத்த ஆண்டு இல்லத்தரசிகளுக்குத் தொடங்கிய தொகைக்குக் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை என்று பெயர். ‘உதவி’ என்று சொல்லாமல் ‘உரிமை’ என்று சொன்னதைப் பாராட்ட வேண்டும். வீட்டு உழைப்புக்கு அரசு தரும் அங்கீகாரம் அது. எனினும் மகளிரின் உரிமைக்கு முன்னால் ஓர் ஆணின் பெயர் நிற்கிறது. 1951இல் ‘இன்னாரின் மனைவி’ என்று பதிந்து நீக்கப்பட்ட பெண்கள் எனக்கு நினைவுக்கு வருகிறார்கள்.

தமிழ்நாட்டு வாக்காளர்களில் பெண்கள்தான் அதிகம். 2021இல் சட்டமன்றத்துக்குப் போன பெண்கள் 234 பேரில் 12. 2024இல் மக்களவைக்குப் போனவர்கள் 39 பேரில் 5. கடலூர் மக்களவைத் தொகுதியில் அந்த ஆண்டு காங்கிரஸின் கைக்கும், தே.மு.தி.க.வின் முரசுக்கும், பா.ம.க.வின் மாம்பழத்துக்கும் பக்கத்துக் கட்டத்தில் இருந்தவர்கள் மூவரும் ஆண்கள். சிதம்பரத்தில் பா.ஜ.க. தாமரைக்கு ஒரு பெண்ணை நிறுத்தியது. அந்தத் தொகுதியில் அக்கட்சி வெல்வது கடினம் என்பது எல்லோருக்கும் தெரியும். தோற்கும் இடத்தைப் பெண்ணுக்குத் தருவதும் கட்சிகளுக்கு ஒரு வகை விளம்பரம். மூன்றில் ஒரு பங்கு இடஒதுக்கீட்டுச் சட்டம் 2023 செப்டம்பரில் நிறைவேறியது. அதை உடனே நடைமுறைக்குக் கொண்டுவராமல் மக்கள்தொகைக் கணக்கெடுப்போடும் தொகுதி மறுவரையறையோடும் முடிச்சுப் போட்டார்கள்.

வகுப்பில் தேர்தல் சின்னங்களைப் பற்றிப் பேசிய ஒரு நாளில், உங்களுக்கென்று ஒரு சின்னம் கேட்டால் எதைக் கேட்பீர்கள் என்று எழுதித் தரச் சொன்னேன். முந்திரி உடைக்கும் ஊரிலிருந்து வரும் மாணவி, பால்பட்டுத் தோல் உரிந்த தன் அம்மாவின் விரல்களை வரைந்திருந்தாள். ஒருத்தி ஜன்னலோர பஸ் இருக்கை. இன்னொருத்தி உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள கதவு. அகல விரிந்த குடை, மீன் கூடை, சார்ஜர் என்றும் வந்தன. குக்கரும் மிக்ஸியும் ஒரு தாளிலும் இல்லை. அன்றாடப் பொருள் எது என்று அந்த அலுவலர்கள் கூடி யோசித்த மேசையில் இந்தப் பெண்களில் ஒருத்தி உட்கார்ந்திருந்தால், நம் சின்னப் பட்டியல் வேறாக இருந்திருக்கும்.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். அடுத்த தேர்தலில் உங்கள் தெருச் சுவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். அதில் சின்னம் வரைய எழுத்து மூலம் அனுமதி கொடுத்தது யார், பட்டா யார் பெயரில் இருக்கிறது, அந்தச் சுவருக்குக் கீழே தினமும் கோலம் போடுவது யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஊர்வலத்தில் ஆரத்தித் தட்டும் பானையும் யார் கையில் இருக்கின்றன, ஜீப்பில் மைக் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். வாக்களிக்கப் போகும்போது சின்னத்தைத் தேடும் முன், மேலிருந்து கீழாகப் பெயர்களையும் படங்களையும் ஒருமுறை எண்ணிவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள். பிறகு வாக்குக் கேட்டு வந்த கட்சி அலுவலகத்துக்கு அந்த எண்ணிக்கையை ஒரு தபால் அட்டையில் எழுதி அனுப்புங்கள். அனுப்பியவர் பெயர் என்ற இடத்தில் உங்கள் பெயரை மட்டும் எழுதுங்கள்.